புத்தகப் பை புனைதல்

சிறு பிள்ளைகள் தோளில் மாட்டிப் பள்ளிக்குக் கொண்டு செல்லும் துணிப் பையை அவர்தம் கையாலேயே அழகுபடுத்தச் செய்யும் முறையைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பைத் தரக்கூடும். இலக்கியமும் இலக்கணமும் பயிலும் மாணாக்கர்க்குப் பையோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளராவர். அவர்க்கு விடை நன்னூலிலேயே கிடைக்கின்றது. பவணந்தி முனிவர் தொகுத்துரைத்த 42 ஓரெழுத்தொருமொழிகளுள் பை, கை, தை, மை என்னும் நான்கும் உள்ளன. பை என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருள். கை என்பது அதனைச் செய்யும் கருவி. தை என்பது தொழில். மை என்பது அத்தொழிலின்மேல் வைக்கும் அழகு. இக்கட்டுரையில் சொல்லக் கருதியன யாவும் இந்நான்கு சொற்களுள் அடங்கிவிடும்.

இன்னுமோர் இயைபும் உண்டு. தமிழில் நூல் என்னும் சொல் பருத்தியிழையையும் குறிக்கும். கற்கும் சுவடியையும் குறிக்கும். அவ்விரண்டையும் ஒப்பிட்டு நன்னூற் பாயிரம் ஓர் உருவகம் அமைக்கின்றது. அங்கே சொல் பஞ்சாகின்றது. புலவன் நூல் நூற்கும் மங்கையாகின்றான். அவள் கை அவன் வாய்க்கு ஒப்பாகின்றது. அவள் சுழற்றும் கதிர் அவன் அறிவுக்கு ஒப்பாகின்றது. ஆகவே, நூல் எழுதுவாரையும் நூல் நூற்பாரையும் ஒரே தட்டில் வைத்து எண்ணியவர் நம் இலக்கண ஆசிரியர் என்பது போதரும். பருத்தி நூலாலாகிய பையொன்று கல்வி நூலைச் சுமந்து தெருவிற் செல்லும்போது அவ்வுருவகமே நடந்து செல்கின்றது எனலாம்.

1. பை

பண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னர் ஓலையில் எழுத்தாணியால் எழுதினர். கையிற் கொண்டு செல்லுதற்குரிய பொருள் அவர்க்கு மிகுதியாக இல்லை. அச்சுப் புத்தகமும் கற்பலகையும் வந்த பின்னரே பை வேண்டப்பட்டது. அதனால் நாட்டுப்புறங்களில் வீட்டிலிருந்த பழந்துணியோ கடையில் தந்த மஞ்சட் பையோ புத்தகப் பையாயிற்று. பின்னர்த் தகரப் பெட்டியும், அதன்பின் அலுமினியப் பெட்டியும், நைலான் பையும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன.

பைக்குள்ளே செல்லும் சுமையும் நாளடைவிற் பெருகிற்று. சென்னையிற் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் ஆர். கே. நாராயண், மாநிலங்களவை நியமன உறுப்பினராய் இருந்தபோது, 1989-ஆம் ஆண்டில் அவ்வவையில் இப்பொருளையே எடுத்துப் பேசினார். புத்தகச் சுமையால் பிள்ளைகள் கூனிப்போகின்றனர் என்பது அவர் முறையீடு. அதன் பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993-இல் சுமையற்ற கல்வியைப் பற்றிய தன் அறிக்கையைத் தந்தது. 2020-இல் நடுவணரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மிகலாகாது என்கின்றது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2 கிலோ என்பதே எல்லை. இக்கணக்கினைப் பை புனைவார் மறவாதிருத்தல் வேண்டும். அழகு என்று நாம் சேர்க்கும் மணியும் கண்ணாடியும் அப்பிள்ளையின் தோளிலேயே ஏறுகின்றன.

சுமையினும் நுண்ணிய வேறொரு துன்பமும் பையோடு கூடியுள்ளது. அஃது நாணம். மஞ்சட் பையை ஏந்திப் பட்டணத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று நகைப்பது நம்மவர்க்குள் நெடுநாளைய வழக்கம். அப்பையோ மங்கலப் பொருள். மஞ்சள் நம் வீடுகளில் நல்ல நாளுக்குரிய நிறம்; மணவீட்டில் மணமக்கள் பெயர் பொறித்த தாம்பூலப் பையைப் பெறாத தமிழர் அரியர். மங்கலமாய்த் தந்த பொருளை மறுநாள் தெருவில் ஏந்தவே நாணுதல் விந்தையன்றோ! பெரியோர்க்கு உள்ள இந்நாணம் பிள்ளைகட்கும் இறங்கி வருகின்றது. வகுப்பறையில் ஒரு வரிசையாகத் தொங்கும் பைகளைப் பார்த்தாலே எப்பிள்ளையின் தந்தை எவ்வளவு ஈட்டுகின்றார் என்று பிற பிள்ளைகள் கணக்கிட்டு விடுகின்றனர். விலையுயர்ந்த பையில் அயல்நாட்டுக் கேலிப்பட வீரர் உருவம் இருக்கும். எளிய பையில் ஜவுளிக் கடையின் பெயர் இருக்கும். இரண்டிலும் பிள்ளைக்குரியது ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டுமே பயன்படும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. துணிப் பையை மக்களிடையே மீண்டும் வழங்கச் செய்யும் பொருட்டு 2021 டிசம்பர் 23-இல் "மீண்டும் மஞ்சப்பை" என்னும் இயக்கத்தை அரசு தொடங்கியது. இவை நல்ல முயற்சிகளே. ஆனால் ஆணையால் பை திரும்பி வரலாம். நாணம் ஆணையால் நீங்குவதில்லை. ஒரு பொருளின்மேல் நமக்குள்ள நாணம், அதில் நம் கையும் கருத்தும் படிந்தபோதே நீங்கும். தான் வரைந்த படத்தைத் தான் தைத்த பையிற் கண்ட பிள்ளை அதனை மறைக்க எண்ணாது. பை புனைதலாகிய இச்சிறு பாடத்தின் முழுப் பயனும் இதுவே.

2. கை

கையின் கல்வி மனிதர்க்கு மிகப் பழையது. நம் கல்லூரிக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் கல்லாலாகிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவிற் கண்டறியப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி என்று அது போற்றப்படுகின்றது. எழுத்துத் தோன்றுமுன்னரே, ஊரும் வயலும் தோன்றுமுன்னரே, நாம் நாள்தோறும் மின்தொடர்வண்டியிற் கடந்துபோகும் அவ்விடத்தில், ஒரு கை கல்லைத் தன் பிடிக்குப் பொருந்தச் செதுக்கிற்று. அக்கையைச் செலுத்திய அறிவு எவ்வளவு கூர்மையுடையதாய் இருந்திருக்க வேண்டும்!

இவ்வுண்மையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் பலர். இத்தாலிய நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் முறையில், மரச்சட்டத்திற் பொருத்திய துணியில் பொத்தான் மாட்டுதலும் கயிறு கோத்து முடிதலும் மிகச் சிறிய பிள்ளைகட்கு உரிய பாடங்கள். பொத்தானைத் துளையில் நுழைக்கும் விரலே பின்னர் எழுதுகோலையும் நேரே பிடிக்கும் என்பது அம்முறையின் கருத்து. அதற்கு ஈராண்டு முன்னர், 1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றைப் பாடங்களை அதனைச் சுற்றி அமைக்கும் ஆதாரக் கல்வியை மகாத்மா காந்தி வகுத்துரைத்தார். ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தக்ளியில் நூல் நூற்கும் பிள்ளை, நூற்ற நூலின் நீளத்தை அளக்குங்கால் கணக்கையும், பருத்தி விளையும் நிலத்தை அறியுங்கால் நிலநூலையும் கற்கும் என்பது அக்கல்வியின் போக்கு.

எனினும், கைத்தொழிற் கல்வி என்றவுடன் தமிழர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு; அதனை மறைத்தல் நேர்மையன்று. 1953-இல் இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் மற்றப் பகுதியைப் பெற்றோர் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றிருந்தது. குயவர் பிள்ளை குயவராகவும் சலவைத் தொழிலாளர் பிள்ளை அத்தொழிலிலுமே நிற்க நேரும் என்று கருதிய மக்கள் அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சராகியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? கைவேலை இழிந்தது என்பதன்று. ஒரு பிள்ளைக்குக் கைவேலையும் மற்றொரு பிள்ளைக்குப் புத்தகமும் என்று பகுத்து வைத்தலே இழிந்தது. அதிகாரியின் மகனும் துப்புரவுப் பணியாளரின் மகளும் ஒரே விரிப்பில் அமர்ந்து, ஒரே வகைத் துணியில், ஒரே ஊசியால் தத்தம் பையைத் தைப்பாராயின் அவ்வேலையில் குலமும் இல்லை, தாழ்வும் இல்லை.

ஆண் பெண் என்னும் பகுப்பும் அவ்வாறே நீங்கற்பாலது. தென்னாட்டுச் சமயத் தொண்டர் பள்ளிகளில் தையலும் பின்னலும் பெண்களுக்கே உரியனவாய் இருந்தன. கால்டுவெல் ஐயரைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண ஆசிரியராக நாம் அனைவரும் அறிவோம். அவர் மனைவியார் எலைசா அம்மையாரை அறிந்தவர் சிலரே. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் நடத்திய பள்ளியில் பெண்கள் கற்ற சரிகைப் பின்னலை, அவர் மகளாராகிய எலைசா அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டு சென்று அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தார். அப்பின்னல் வறிய மகளிர்க்குத் தம் கையால் ஈட்டும் ஊதியத்தைத் தந்தது. ஒரு வீட்டில் கணவர் சொற்களின் வேர்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்க, மனைவியார் நூலிழைகளைக் கோக்கக் கற்பித்துக்கொண்டிருந்தார். இரண்டும் நூற்பணியே. இன்று அவ்வூசியைச் சிறுவர் கையிலும் கொடுத்தல் வேண்டும். கிழிந்த சட்டையில் ஒரு பொத்தானைத் தைத்துக்கொள்ள அறியாத இளைஞன் தன் கல்வியைப் பற்றிப் பெருமை பேசுதல் எங்ஙனம்?

3. தை

இனிச் செய்முறையைக் கூறுவோம். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகட்கு இது பொருந்தும். அதனினும் சிறியார்க்குப் பையை முன்னரே தைத்துக் கொடுத்து அச்சிடும் வேலையை மட்டும் விடுக.

துணி: வெளுக்காத காடாத் துணியே ஏற்றது. அது விலை குறைந்தது, உழைப்பது, சாயத்தை நன்கு பற்றுவது. கடையிலிருந்து வந்த துணியிற் கஞ்சி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து உலர்த்திய பின்னரே வெட்டுக. கஞ்சி நீங்காத துணியில் மை மேலாக நின்று முதற் சலவையிலேயே உதிர்ந்துவிடும். துவைத்தால் துணி சிறிது சுருங்கும். ஆதலின் வெட்டியபின் துவைத்தல் தவறாகும்.

அளவு: 34 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள துண்டு ஒன்று பைக்குப் போதும். நீளத்தின் இரு முனைகளிலும் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால் அதுவே பையின் வாய். பின்னர் நீளத்தை இரண்டாக மடித்து, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைக்க, ஏறத்தாழ 14 அங்குல அகலமும் 15½ அங்குல உயரமும் உள்ள பை கிடைக்கும். இவ்வளவுகளைப் பிள்ளைகளே அளவு நாடாவால் அளந்து கணக்கிடல் நன்று. "தையலுக்கு விட்டது போக மிஞ்சுவது எவ்வளவு?" என்னும் வினாவுக்கு விடை காணும்போது கழித்தற் கணக்கு அவர்க்குக் கரும்பலகையினின்று இறங்கிக் கைக்கு வரும்.

பட்டை: ஒரு தோளில் மட்டும் தொங்கும் பை உடலை ஒருபுறம் சாய்க்கும். ஆகவே இரு தோளிலும் மாட்டத்தக்க இரண்டு பட்டைகள் வைத்தல் நலம். 5 அங்குல அகலத் துண்டை, ஓரம் அரை அங்குலம் உள்ளே மடித்து இரண்டாக்கித் தைத்தால் 2 அங்குலப் பட்டையாகும். ஒல்லியான பட்டை தோளை அறுக்கும். பட்டை பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து அதன் நடுவே பெருக்கற்குறி போலக் குறுக்காகவும் தைக்க. பையின் சுமை முழுவதும் அவ்விடத்திலேயே இழுக்கும். இவ்வொரு வேலையைப் பெரியோர் தையற்பொறியிற் செய்து தரலாம்.

தையல் வகை: பிள்ளைகட்கு முதலில் ஓட்டுத் தையலைக் கற்பிக்க. ஊசியை மேலும் கீழுமாகச் சம அளவில் விட்டுச் செல்வதே அது. அதில் கை பழகியபின், ஒவ்வொரு தையலுக்கும் சிறிது பின்சென்று வரும் பின்தையலைக் கற்பிக்க. பக்கங்களை மூட்டுதற்கு அதுவே வலியது. மூன்றாவதாகச் சங்கிலித் தையல். அது கோடாக நின்று பூவின் தண்டையும் எழுத்தின் வளைவையும் காட்டும். பெரிய காதுள்ள ஊசியும் தடித்த நூலும் தொடக்கத்திற்கு ஏற்றவை. தையற்காரர் அங்குஸ்தான் என வழங்கும் விரலுறையை நடுவிரலில் மாட்டப் பழக்குக. வேலை தொடங்கும்போது ஊசிகளை எண்ணிக் கொடுத்து முடியும்போது எண்ணி வாங்குதல் ஆசிரியர் கடமை.

ஒட்டுத் துணி வேலையும் தையலோடு சேர்ந்ததே. கும்பகோணம் தஞ்சைப் பக்கங்களில் தேர்களில் தொங்கவிடும் தொம்பைகள், பல நிறத் துணிகளை உருவம் உருவமாய் வெட்டி ஒன்றன்மேலொன்று தைத்துச் செய்யப்படுவன. அதே முறையில் தையற்கடையில் எறியப்படும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, மீனாகவோ இலையாகவோ வெட்டி, ஓரம் மடித்துப் பையில் தைக்கலாம். பொருட்செலவு சிறிதும் இல்லை. பழைய சட்டைப் பையைப் பெயர்த்து முன்புறம் தைத்தால் எழுதுகோல் வைக்க இடமாகும். அழகும் பயனும் ஒன்றாய் நிற்கும் புனைவே மேலானது.

4. மை

மை என்பது கண்ணுக்கு இடும் அஞ்சனத்தையும், எழுதும் மையையும், கருமையையும் குறிக்கும். நாம் ஈண்டு எல்லா நிறங்களுக்கும் அதனை ஆகுபெயராகக் கொள்வோம்.

பக்கங்களை மூட்டுமுன்னரே, துணி விரிந்து கிடக்கும்போது, நிறம் தீட்டுதல் எளிது. தைத்து முடித்த பையாயின் உள்ளே தடித்த அட்டையொன்றைச் செருகுக. இன்றேல் முன்புறத்து மை ஊறிப் பின்புறத்திலும் படியும். கடையில் விற்கும் துணி மையை அகன்ற தட்டில் மெல்லப் பரப்பி, அதில் அச்சினைத் தொட்டு ஒருமுறை பழந்துணியில் ஒற்றிய பின்னர்ப் பையில் நேரே அழுத்தி நேரே எடுக்க. சாய்த்து எடுத்தால் உரு இழுபடும். மை மிகுந்தாலும் அவ்வாறே. ஒரு நாள் முழுதும் உலர்ந்தபின் துணியைப் புறம் மாற்றி இஸ்திரி போட்டால் நிறம் நிலைக்கும்.

அச்சுக்கு மரக்கட்டை வேண்டுவதில்லை, அடுக்களையே போதும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறையுள்ள விண்மீன் உருவம் கிடைக்கும். வாழைத்தண்டு வட்டத்துள் வட்டமாய்ப் பதியும். உருளைக்கிழங்கைப் பாதியாக அறுத்து முகத்தில் வேண்டிய உருவைச் செதுக்கலாம். கத்தி மட்டும் பெரியோர் கையில் இருக்க. பூவரசிலையின் அடிப்புறத்தில் மை தடவி அழுத்தினால் நரம்பு முழுவதும் துணியில் ஏறும். எழுத்தை அச்சாகச் செதுக்குங்கால் அது தலைகீழாய் இடம் வலம் மாறிப் பதிவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பர். அச்சுக்கலையின் முதற்பாடம் அதுவேயாகும்.

மஞ்சளை அரைத்து நீரிற் கொதிக்கவைத்துத் துணியைத் தோய்த்தால் உடனே ஒளிமிக்க நிறம் பற்றும். ஆனால் வெயிலில் அது விரைவில் வெளிறும். சவர்க்காரம் பட்டால் செந்நிறமாக மாறும். இதனைக் குறையென்று மறைக்காமல் பாடமாக்குக. காரம் பட்ட மஞ்சள் சிவக்கும் என்பதை நம் பாட்டியர் சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து ஆலம் கரைத்தபோதே அறிந்திருந்தனர். பிள்ளை அதனைத் தன் பையிலேயே கண்டு வேதிநூலின் வாயிலில் நிற்கும். சிறிது வளர்ந்த பிள்ளைகட்குக் கலம்காரி முறையின் கருமையைக் காட்டலாம். கடுக்காய்ச் சாற்றில் பால் கலந்து தோய்த்து உலர்த்திய துணியின்மேல், வெல்ல நீரில் இரும்புத்துண்டுகளைப் பல நாள் ஊறவைத்த கரைசலால் எழுதினால், கோடு கருத்து நிலைக்கும். துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமையாதலே இதன் காரணம். பால் மை பரவாமல் காக்கும். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரைச் சுங்குடிக்கு அக்குறியீடு 2005-இல் கிடைத்தது. சுங்குடி போலத் துணியைச் சிறு சிறு முடிச்சாக நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால், கட்டிய இடந்தொறும் வெண்புள்ளி தோன்றும். பிள்ளைகள் மிக விரும்பும் வேலை இது. ஏனெனில் அவிழ்க்கும்வரை யாது வரும் என்று அவர்க்கே தெரியாது.

பட்டிக் என்னும் மெழுகு வேலையும் துணியில் அழகுதரும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் முதலிய ஓவியர்கள் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, படம் விற்காத நாளில் அவர்களைக் காத்தவை பட்டிக் முதலிய கைவினைகளே. உயர்ந்த ஓவியம் என்றும் தாழ்ந்த கைவினை என்றும் பிரிப்பார்க்கு நம் தென்சென்னைக் கடற்கரை தந்த விடை இஃது. ஆனால் உருகிய மெழுகு கையைச் சுடுமாதலால் சிறு பிள்ளைகட்கு அதனைத் தருதல் தகாது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவுக்கு அழைத்துச் சென்றால் பல வகைக் கைவினைகளை அவர்கள் அருகிருந்து காணலாம்.

எதனை வரைவது என்பதே கடைசி வினாவும் கடினமான வினாவும் ஆகும். பெரும்பாலும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு தாமரையை வரைவர். நாற்பது பிள்ளைகளும் நாற்பது தாமரைகளை வரைவர். கோடை வகுப்பொன்றில் யான் உதவியாளாய் இருந்தபோது அவ்வாறே நிகழ்ந்தது. ஒரு சிறுமி மட்டும் தாமரையை விடுத்துத் தண்ணீர் லாரி ஒன்றை வரைந்தாள். லாரியின் பின்னே தடித்த குழாய் தொங்கிற்று. அதன்முன் பல நிறக் குடங்கள் வரிசையாய் நின்றன. ஒவ்வொரு குடத்துக்கும் உரிய வீட்டையும் அவள் சொன்னாள். "பூ அழகாய் இருக்குமே" என்று ஆசிரியை கூற, "எங்கள் தெருவுக்கு இது வந்தால்தான் எல்லாரும் சிரிப்பார்கள், மிஸ்" என்று விடையிறுத்தாள். ஆசிரியை பின்னர் ஒன்றும் சொல்லாமல் நீல மையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கற்பித்தலுள் அதனினும் சிறந்த செயலை யான் கண்டதில்லை.

நம் ஊரைச் சுற்றி வரைதற்குரியவை எத்தனையோ உள. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்தொடர்வண்டி உண்டு. நம் கல்லூரிக் காட்டில் புள்ளிமான் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரை உண்டு. 1985-இல் வண்டலூருக்கு வந்த விலங்குக்காட்சிச் சாலையில் புலியும் யானையும் உண்டு. பல்லாவரத்துக் குன்றும், பொத்தேரி ஏரியும், தெருவோர இளநீர் வண்டியும் உண்டு. இவற்றுள் எதனையும் விதிக்காமல், "நீ நாள்தோறும் வரும் வழியில் கண்டது யாது?" என்று மட்டும் கேட்க. கண்டதை வரையும் பிள்ளை காணவும் கற்கும்.

படத்தோடு பெயரையும் தமிழில் எழுதச் செய்க. தமிழெழுத்தின் வளைவுகள் கோலத்தின் வளைவுகளை ஒத்தவை. சங்கிலித் தையலுக்கு மிக இயைந்தவை. நம் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்துப் பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டவர். பெயர் ஒருவர்க்கு எத்துணை உரியது என்பதை அவர் அறிந்திருந்தார். கடையின் பெயரைச் சுமந்த பையில் தன் பெயரை எழுதும் பிள்ளையும் அதனைச் சிறிது அறிகின்றது.

முடிவுரை

பைகள் முடிந்தபின் அவற்றை வரிசையாய்த் தொங்கவிட்டு முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று பகுத்தல் வேண்டா. நாணத்தைப் போக்குதற்குச் செய்த வேலை அதனால் மீண்டும் நாணத்தையே விளைக்கும். அதற்கு மாறாக ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தன் பையில் உள்ளது யாது, ஏன் அதனை வரைந்தேன், எந்தத் தையல் கடினமாய் இருந்தது என்று நான்கு வாக்கியம் சொல்லுக. கையாற் செய்தது வாயால் வெளிப்படும். பெரியோர் பையின் கோணலைத் திருத்தவும் வேண்டா. தையல் வலிமையாக இருந்தாற் போதும். கோணல் அப்பிள்ளையின் கையெழுத்து.

கல்லூரித் தோழர்காள்! விடுமுறையில் ஊர்க்குச் செல்லுங்கால் உங்கள் தெருவிலுள்ள பிள்ளைகளைத் திண்ணையிற் கூட்டி இதனைச் செய்து பாருங்கள். ஒரு துணி, ஓர் ஊசி, இரண்டு வெண்டைக்காய், சிறிது மை இவையே மூலதனம். பள்ளி திறக்கும் நாளில் அப்பிள்ளைகள் பையின் படம் வெளியே தெரியுமாறு மாட்டிக்கொண்டு செல்கின்றனரா, உட்புறம் திருப்பிக்கொண்டு செல்கின்றனரா என்று நோக்குக. உங்கள் பாடத்திற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் அதுவே.